எல்லையில் ஒரு ஜோடி கம்மல்

அட்டாரி ரயில் நிலையத்தில் பெண்களைச் சோதிப்பதற்கென்று ஒரு மூலையில் திரை கட்டியிருந்தார்கள். திரை என்றால் ஒரு பழைய சாம்பல் நிறப் போர்வை. கம்பியில் வளையம் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், மண் கூஜாவில் தண்ணீர்.

மேசைமேல் என் மகள் சமீராவை உட்கார வைத்தேன். அப்போது அவளுக்கு மூன்று வயது. லாகூரிலிருந்து வந்த வண்டியில் இறங்கி எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்களைச் சோதித்துச் சோதித்து, சுங்க அதிகாரியான அந்தப் பஞ்சாபிப் பெண்மணி களைத்துப் போயிருந்தாள். ஏலக்காய் மென்றபடியே, பிள்ளையின் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

துணி விழுந்தது. இரண்டு காதிலும் சிவப்புக்கல் கம்மல். காது மடல் இன்னும் வீங்கியிருந்தது.

"போகும்போது இது இருந்ததா?" என்று இந்தியில் கேட்டாள்.

"இல்லை" என்று சொல்ல வேண்டும். சின்னச் சொல்தான். அதைச் சொல்ல எனக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்பதை நான் கொஞ்சம் பின்னால் போய்த்தான் விளக்க வேண்டும்.

சேலைக்குள் கருவாடு

எண்பதுகளின் தொடக்கம் அது. தாராவியில் என் கணவர் காசிமுக்கு ஒரு சிறிய தோல் பட்டறை இருந்தது. பெல்ட்டும் பர்ஸும் தைப்பார்கள். அவருக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒருத்திதான், அக்கா மரியம். தாய் இறந்தபோது இவருக்குப் பால் பல்கூட விழவில்லை. மரியம்தான் ஊட்டி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தார். பிறகு, திருநெல்வேலியிலிருந்து கராச்சிக்குப் போய்த் தேயிலைக் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் அவரைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கொழும்புக்குக் கொடுப்பது மாதிரிதான். நடுவில் இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்தது. போக்குவரத்து நின்றுபோனது.

எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. வர முடியவில்லை. ஆனால் வராத அந்த மனுஷி தினமும் எங்கள் வீட்டில் இருந்தார். நான் வைத்த குழம்பை வாயில் வைத்ததும் என் கணவர் ஒரு கணம் நிறுத்துவார்.

"நல்லாத்தான் இருக்கு நூரு. லாத்தா இதுல கொஞ்சம் சோம்பு தட்டிப் போடுவா."

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அடுத்த தடவை சோம்பு தட்டிப் போட்டேன்.

"ம்... அவ வறுத்துத் தட்டுவா."

பார்த்தேயிராத ஒரு நாத்தனார்மேல் பொறாமைப்படுவது படித்த பெண்ணுக்கு அழகா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். மாட்டுங்காவில் நான் படித்த பள்ளியில் பொறாமையின் தீமைகளைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். நெஞ்சில் எரிவது அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

பல வருடம் அலைந்து கடைசியில் விசா கிடைத்தது. அன்றிலிருந்து என் கணவர் பட்டறையை மறந்தார். மான்குர்த்தில் யாரோ நல்ல நெத்திலிக் கருவாடு விற்கிறார்கள் என்று அங்கே போய் வாங்கி வந்தார். இடியாப்ப அச்சு, கறிவேப்பிலை, புளி, பனங்கற்கண்டு. எல்லாம் லாத்தாவுக்கு.

பெட்டி அடுக்கும்போது பார்க்கிறேன், கருவாட்டுப் பொட்டலத்தை என் கல்யாணப் பட்டுச் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

"பட்டுக்குள்ள வச்சாத்தான் வாட வெளிய வராது."

"உள்ள வருமே!"

"தொவைச்சாப் போயிரும் புள்ள."

பட்டுச் சேலையைத் துவைப்பது பற்றி ஒரு தோல் வியாபாரியிடம் என்ன பேசுவது? பேசாமல் பெட்டியை மூடினேன். அப்புறம் ரயிலில் இரண்டு ராத்திரியும் நினைத்துக்கொண்டே வந்தேன், சொல்லியிருக்கலாமோ, எடுத்து வேறு பையில் வைத்திருக்கலாமோ என்று.

"இது எப்போது இறந்தது?"

அமிர்தசரஸில் லாகூர் வண்டி ஏறினோம். எங்கள் பெட்டியில் பாதிப்பேர் மடியில் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கூடை. அந்தப் பக்கம் வெற்றிலைக்குப் பொன் விலையாம். உல்லாஸ்நகரிலிருந்து வந்த ஒரு சிந்திப் பெரியவர் நிமிடத்துக்கு ஒரு தடவை தன் கூடையில் தண்ணீர் தெளித்தார். அதில் பாதி என் கால்மேல் தெறித்தது.

அட்டாரியில் எல்லோரையும் இறக்கினார்கள். சாமான்களை இறக்கி, வரிசையில் நின்று, நீளமான மேசைகளில் பரப்பி, மறுபடி அடைத்து, மறுபடி வண்டியேற வேண்டும். அப்போதும் பெண்களுக்கு அதே போர்வைத் திரைதான். நான் அணிந்திருந்த நகைகளை ஒருவர் குறித்துக்கொண்டார். சங்கிலி, வளையல், ஒரு ஜோடி கம்மல். திரும்பும்போது இவையெல்லாம் இருக்க வேண்டும், கூடவும் கூடாது என்றார்.

"பிள்ளைக்கு?"

"ஒன்றும் இல்லை. காதுகூடக் குத்தவில்லை" என்றேன். கேட்காததையும் சொல்வது என் சுபாவம்.

வண்டி மெல்ல நகர்ந்தது. இரண்டு பக்கமும் கோதுமை வயல். எது இந்தியா, எது பாகிஸ்தான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கோதுமை ஒரே மாதிரி இருந்தது. வாகாவில் மறுபடி இறக்கினார்கள். மறுபடி நீள மேசை.

அங்கே ஒரு அதிகாரி என் பட்டுச் சேலையைப் பிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மிகுந்த மரியாதையுடன் உருதுவில் கேட்டார்: "பாய் சாஹிப், இது எப்போது இறந்தது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அங்கேயே தண்டவாளத்தில் விழலாம்போல் இருந்தது. என் கணவரோ கூச்சமேயில்லாமல் தம் பம்பாய் இந்தியில், "சாப், மேரா பஹன் கே லியே. பந்த்ரா சால் சே நஹி காயா" என்றார். என் அக்காவுக்கு, பதினைந்து வருடமாக அவள் சாப்பிடவில்லை என்று. சொல்லும்போது அவர் குரல் கம்மிப்போனது.

அதிகாரி பொட்டலத்தை மூடி, அதே சேலைக்குள் வைத்து, தாமே மடித்துக் கொடுத்தார். எனக்காக அவர் குரல் என்றைக்காவது அப்படிக் கம்மியிருக்கிறதா என்று யோசித்தேன். பிரசவ ஆஸ்பத்திரியில்கூட இல்லை.

ஊட்டிய கை

நாத்தனாரை நாங்கள் மைனி என்போம். கராச்சியில் கதவைத் திறந்த மரியம் மைனி, நான் கற்பனை செய்திருந்த மாதிரி இல்லை. குட்டையாக, பருமனாக, கண்ணாடி போட்டு, பெரியவர்களுக்கே உரிய மூட்டு வலியோடு இருந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன புள்ள, என் தம்பி இப்பிடி வத்திப் போயிருக்கான்? சோறு போடுறியா, இல்ல பட்டறைத் தோலத்தான் அவிச்சுப் போடுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மருமகளுக்குச் சிரிப்பதும் ஒரு வேலை.

அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு. மைனி சோற்றைப் பிசைந்து உருட்டி நீட்டினார். முப்பது வயதைத் தாண்டிய என் கணவர், பட்டறையில் நான்கு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர், வாயைத் திறந்தார். அதைப் பார்த்து சமீராவும் வாயைத் திறந்தாள். வீட்டில் ஒரு வாய் ஊட்ட நான் எங்கள் தாராவிச் சந்து முழுக்க அவள் பின்னால் ஓட வேண்டும். அங்கே சப்பணமிட்டு உட்கார்ந்து, எங்கள் வழக்கப்படி அத்தையை மாமி என்றழைத்து, "மாமி, இன்னும்" என்கிறாள்.

மைனிக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள், வளர்ந்தவர்கள். பெண்பிள்ளை இல்லை. மூன்றாம் நாளிலிருந்து சமீரா மாமியோடுதான் குளித்தாள், மாமியோடுதான் படுத்தாள். நான் கூப்பிட்டால், "மாமிட்டக் கேட்டுட்டு வாறேன்" என்றாள். குழந்தைக்கு நல்லதுதானே, உறவு தெரிந்து வளரட்டும் என்று ஒரு மனம் சொல்லும். அடுத்த நிமிடம், அவள் தலையில் இருப்பது நான் வாங்கிய எண்ணெயின் வாசனை இல்லை என்று மூக்கு சொல்லும்.

யார் மடி?

இங்கே காதுகுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். என்னைக் குத்தும்போது என் மாமா மடியில் இருந்தேன். வலியில் அவர் கையைக் கடித்துவிட்டேன். அந்தத் தழும்பை அவர் சாகும்வரை எல்லாக் கல்யாணத்திலும் காட்டிக்கொண்டிருந்தார். அதனால் சமீராவுக்குக் குத்துவது செம்பூரில் இருந்த என் அண்ணன் சாகுலின் உரிமை. கிளார்க் வேலை, சின்னச் சம்பளம். ஆனாலும் ரம்ஜானுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நாள்கூடப் பேசி வைத்திருந்தார். என் பிறந்த வீட்டுக்கு என் மகள்மேல் இருக்கிற ஒரே பாத்தியதை அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஊர் விட்டுக் கிளம்பும் முன் போலீஸ் அலுவலகத்தில் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நானும் என் கணவரும் போனோம்.

"சின்னப்புள்ளைய எதுக்கு வெயில்ல இழுத்துட்டுப் போற? எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றார் மைனி.

விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சமீரா கையில் ஜிலேபியோடு ஓடி வந்தாள். காதில் கம்மல். மடல் சிவந்திருந்தது.

"உம்மா, நான் அழவே இல்ல!"

மைனி வெகு சாதாரணமாகச் சொன்னார்: "இது எங்க உம்மா எனக்குப் போட்டது நூரு. நான் கல்யாணமாகி வரும்போது கொண்டுட்டு வந்தேன். எனக்குத்தான் பொம்பளப்புள்ள இல்லையே, இனிமே இவளுக்குத்தான். நம்ம பத்தர் கடையிலதான் குத்துனேன். நல்ல கை."

"யாரு மடியில வச்சிருந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"வேற யாரு? நாந்தான்."

என் கணவர் பிள்ளையின் காதைத் தொட்டுப் பார்த்தார். தம் தாயின் கை பட்ட பொருள். அவர் கண் நிறைந்திருந்தது. நான் அண்ணனைப் பற்றி வாயைத் திறந்தால் அந்த இடத்தில் நான்தான் கெட்டவள். பெட்டி அடுக்கப் போகிறேன் என்று உள்ளே போய், மடித்த துணியையே மறுபடி மறுபடி மடித்தேன்.

கிளம்பும்போது, ரயிலில் புழுதி பட்டால் காது பழுத்துவிடும் என்று மைனி தம் பூப்போட்ட துணியைப் பிள்ளையின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். அந்தத் துணியோடுதான் வாகாவைத் தாண்டினோம். அங்கே யாரும் அதை அவிழ்க்கவில்லை.

திரைக்குப் பின்னால்

"போகும்போது இது இருந்ததா?" அதிகாரி இரண்டாம் முறை கேட்டாள்.

"இல்லை."

"அதனால்தான் துணி கட்டி மறைத்தாயா?"

"மறைக்கவில்லை. புழுதிக்குக் கட்டியது."

"யார் போட்டது?"

"என் கணவரின் அக்கா. ஆனால் இது இங்கேயிருந்து போன தங்கம்தான். திருநெல்வேலியில் செய்தது. கல்யாணமாகிப் போகும்போது கொண்டு போனார்."

"அதற்குக் காகிதம் இருக்கிறதா?"

ஒரு பெண் சிறுவயதில் போட்டிருந்த கம்மலுக்கு யார் காகிதம் வைத்திருப்பார்கள்? இல்லை என்று தலையாட்டினேன். அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. பழகிய வேலை.

"போகும்போது உங்களிடம் கம்மல் ஒரு ஜோடி. வரும்போது இரண்டு ஜோடி. ஒரு ஜோடி இங்கே இருக்க வேண்டும். ரசீது தருகிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது காட்டி வாங்கிக்கொள்."

"எந்த ஜோடி?"

"எனக்குக் கணக்கு சரியாக வேண்டும். எது என்பது உன் இஷ்டம்."

வெளியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "நூரு! ஏன் இவ்ளோ நேரம்? புள்ள அழுதாளா?"

ஆண்கள் திரைக்குள் வர முடியாது. முதல் தடவையாக, அந்த அக்காவும் தம்பியும் இல்லாத இடத்தில் என்னிடம் ஒரு முடிவு விடப்பட்டிருந்தது.

யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. பிள்ளையின் கம்மலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டால் போதும். துளை தூர்ந்துவிடாமல் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகிக் கொள்ளலாம், ஊரில் எல்லோரும் செய்வதுதான். ரம்ஜான் முடிந்து அண்ணன் மடியில் உட்கார வைத்து, அண்ணன் வாங்கித் தரும் கம்மலைப் போட்டுக்கொள்ளலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. சட்டம், நான் என்ன செய்வேன்? நான் ஆசைப்பட்டதை அரசாங்கமே செய்து தருகிறது.

திருகாணியைத் தொட்டேன். காய்ந்த ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மடல் சூடாக இருந்தது. சமீரா தோளைத் தூக்கிக் காதை மறைத்தாள்.

"தொடக்கூடாதுன்னு மாமி சொன்னாங்க."

இங்கேயும் மாமி! இந்தியாவுக்குள் வந்த பிறகும் மாமி! கூஜாவிலிருந்து விரலை நனைத்துக்கொண்டு மறுபடி கையை வைத்தேன். ஒரு திருகு திருகினேன். அவள் அலறவில்லை. கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்தது. இதை நீயா செய்கிறாய் என்கிற ஆச்சரியம்.

அப்போதுதான் எனக்கு அது தெரிந்தது. இவள் வளர்ந்து பெரியவளானபின் இந்தக் கதையை எப்படிச் சொல்வாள்? கம்மல் போட்டது மாமி. பிடுங்கியது உம்மா. சட்டம், கணக்கு, போகும்போது ஒன்று வரும்போது இரண்டு என்பதெல்லாம் அதில் இருக்காது. இரண்டே வரிதான் இருக்கும். அந்த முதல் வரியில் மைனி என்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டாவது வரியில் நான்.

அதைவிட என் காது காலியாக இருக்கட்டும்.

தாய்ப்பாசம் என்று யாராவது எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மைனிக்கு அந்த வரியைக் கொடுக்க எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். என் கம்மலைக் கழற்றினேன். அண்ணன் தம் முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து என் கல்யாணத்துக்குப் போட்டது. பாவம், அவர் இரண்டாவது தடவையும் தோற்றார்.

அதிகாரி மேசையில் இருந்ததைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள். "நிச்சயமா?" என்றாள்.

"இல்லை. சீக்கிரம் எழுதுங்கள்" என்றேன்.

மறுபடி வண்டி

வெளியே வந்ததும் என் கணவர் பிள்ளையைத்தான் முதலில் வாங்கினார். காதைப் பார்த்தார்.

"அப்பாடா, கம்மல விட்டுட்டாங்களா! நான் பயந்துட்டே இருந்தேன். உம்மா ஞாபகம்லா அது." பிறகுதான் என்னைப் பார்த்தார். "ஒங் கம்மல் எங்க புள்ள?"

ரசீதைக் கொடுத்தேன். வண்டி ஏறி உட்கார்ந்து, வெளிச்சத்தில் வைத்துப் படித்தார். திருப்பிப் படித்தார்.

"எம்மேல கோவமா இருக்கியா நூரு?"

"இல்லங்க."

"நெசமா?"

"இல்லன்னா விடுங்களேன்."

என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் மனது உருகியிருந்தது. சோம்பைப் பற்றி இனி ஒரு வருடமாவது பேச மாட்டார் என்று தோன்றியது. அப்படியே இருந்திருந்தால் எனக்கும் ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். ஆனால் அவர் மறுபடி ரசீதைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"ஏ நூரு, இத வாங்கணும்னா நாம திரும்ப லாத்தா வீட்டுக்குப் போவணும்லா!"

எனக்கு அதுவரை அது உறைக்கவே இல்லை. என் கம்மல் எனக்கு வேண்டுமென்றால், நான் அந்த அம்மாளின் வாசலுக்குத்தான் போக வேண்டும். அதுவும் நானாகவே எடுத்த முடிவு.

"போவோம்" என்றேன். "ஆனா அடுத்த தடவ புள்ளைய செம்பூருல எங்க அண்ணன்ட்ட விட்டுட்டுத்தான் போவோம்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எதிர் சீட்டில் வெற்றிலை விற்றுத் திரும்பிக்கொண்டிருந்தவரிடம்கூட, "என் வீட்டுக்காரி நல்லா வேடிக்கையாப் பேசுவா" என்று இந்தியில் சொன்னார். நான் வேடிக்கையாகப் பேசவில்லை.

வண்டி அமிர்தசரஸை நோக்கிக் கிளம்பியது. சமீரா என் மடியில் படுத்துத் தூங்கிப்போனாள். அவள் காதிலிருந்த திருகாணி என் கையில் குத்திக்கொண்டே வந்தது. மறுபக்கம் திருப்பிப் படுக்க வைக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கமும் ஒன்று இருந்தது.